கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள்

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசுக்கு வருகிற உறவினர்கள் ஈஃபில் கோபுரத்துக்கு எங்களிடம் வழி கேட்பதில்லை. அதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களிடம் கேட்பது வேறொன்று. 'தம்பி, நீர் ரெஸ்ரோரண்டிலதானே வேலை செய்யிறீர். இஞ்ச எங்க நல்ல சாப்பாடு கிடைக்கும்?'

நியாயமான கேள்விதான். பத்து, பதினைந்து வருடங்களாக இந்த நகரத்தின் குசினிகளில் நிற்பவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் இதைக் கேட்பது? ஆனால் நாங்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டவர்கள்போல ஒரே பதிலைச் சொல்கிறோம்: லாச்சப்பலுக்குப் போங்கோ. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அப்பால், ஃபோபூர் சென் துனி தெருவின் மேல்முனையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேட்கும், இடியப்பமும் சொதியும் கிடைக்கும், மட்டன் றோல்ஸ் கிடைக்கும் என்கிறோம். ஸ்காபரோவில் இதைவிடப் பெரிய கடைகளில் இதையே கிழமைக்குக் கிழமை சாப்பிடுகிற மனிதரை, ஒரு சமுத்திரத்தைக் கடந்து வந்தவரை, மறுபடியும் கொத்துரொட்டியிடமே அனுப்பி வைக்கிறோம்.

ஏன்? நாங்கள் வேலை செய்கிற இடங்களின் சாப்பாடு கூடாது என்பதாலா? அப்படியில்லை. காரணம் எளிமையானது. இந்த நகரத்தில் நாங்கள் கதிரையில் இருந்து, இன்னொருவர் கோப்பை கொண்டுவந்து முன்னால் வைக்க, சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான். நகரம் முழுவதும் சமைக்கிறோம். ஒரு தெருவில் சாப்பிடுகிறோம். இதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. சிலர் என்றால், 2009க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த ஐந்து பேர், அவர்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவர்கள் இருவர், எங்களுக்கு முன்னரே தொண்ணூறுகளின் கடைசியில் வந்து எங்களுக்கெல்லாம் வேலை எடுத்துத் தந்த அண்ணை ஒருவர். ஆக ஆறு பேர்.

'நல்ல சாப்பாடு' என்பதை அளப்பதற்கு இந்த நாட்டில் ஒரு அளவுகோல் உண்டு. அதைச் செய்தது ஒரு ரயர் கம்பனி. கார் வைத்திருப்பவர்கள் தூர இடங்களுக்கு ஓடினால்தான் ரயர் தேயும், தேய்ந்தால்தான் புதியது விற்கும் என்ற கணக்கில் 1900ஆம் ஆண்டு மிஷெலன் கம்பனி ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் புறப்படலாம் என்று பொருள். (பயணம் என்ற சொல்லுக்கு எங்களுக்கு வேறு பொருள். அதை விடுவோம்.)

இந்த நட்சத்திரம் கோப்பையில் இருக்கிற சாப்பாட்டுக்கு மட்டுமே. மண்டபத்தின் வசதிக்கு வேறு குறி: கரண்டியும் முள்ளுக்கரண்டியும் குறுக்காக வரைந்த படம். ஆக, கதிரையின் சொகுசுக்குக்கூட ஒரு குறி இருக்கிறது. குசினிக் கதவுக்கு அப்பால் நிற்பவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இருந்து சாப்பிட்டாரா நின்று சாப்பிட்டாரா என்பதற்குக் குறி இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புத்தகம் வாங்குகிறவருக்கு அந்தத் தகவல் தேவைப்படாது. நாங்கள் கேட்பதெல்லாம், அதுவும் சாப்பாட்டின் தரத்தைச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான்.

எங்களுடைய ருசியறிவு அரைக்கரண்டி அறிவு. சோஸ் இறுகி வருகிறபோது ஒரு கரண்டியின் நுனியில் எடுத்து நாக்கில் வைக்கிறோம். உப்புப் போதுமா, புளிப்பு முன்னுக்கு நிற்கிறதா, வெண்ணெய் பிரிந்துவிட்டதா என்று அந்த ஒரு நொடியில் சொல்ல வேண்டும். சொல்கிறோம், பிழைப்பதில்லை. சின்ன வெங்காயத்தை வெள்ளை வைனில் வற்றவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயைக் கட்டி கட்டியாக அடித்துச் செய்கிற அந்த வெள்ளைச் சோஸை எங்கள் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஆனால் அந்தச் சோஸை ஊற்றிய மீனை, சூடாக, முழுக் கோப்பையாக, ஒரு துண்டு பாணால் வழித்து அவர் சாப்பிட்டதில்லை. தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது. ஒரு நாவலின் முதற் பக்கத்தை மட்டும் பத்தாயிரம் தடவை வாசித்தவர்போல.

எங்களுக்குச் சாப்பாடு இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். பிரான்சில் ஹொட்டல், ரெஸ்ரோரண்ட் தொழிலில் சாப்பாட்டு நேரத்தில் வேலையில் நிற்பவருக்கு முதலாளி சாப்பாடு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அதற்குரிய காசைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. சம்பளச் சீட்டில் அது ஒரு வரியாக வரும். ஒரு நேரச் சாப்பாட்டின் பெறுமதி நாலு யூரோவுக்குச் சற்று மேல். அதே குசினியில், அதே அடுப்பில், அதே கையால் ஆக்கி முன்கதவால் போகிற கோப்பை இருபத்தைந்து, முப்பது யூரோ. பதினொன்றரை மணிக்கு, வாடிக்கையாளர் வருவதற்கு முன் சாப்பிடுகிறோம். மாக்கறோனி, கோழிக்கால், நேற்றைய சோறு. சில இடங்களில் எல்லோரும் மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள், முதலாளியும் வந்து இருப்பார். அப்படியான இடங்கள் உண்டு, அங்கே வேலை செய்பவர்கள் இலேசில் வேலையை விடமாட்டார்கள். பல இடங்களில் பெட்டிகளுக்கு நடுவே, கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி, பத்து நிமிடம். கோப்பை கழுவுகிறவர் அதற்கும் பிறகு.

ஜோர்ஜ் ஓர்வெல் தன் இளவயதில் பாரிசில் ஒரு பெரிய ஹொட்டலில் கோப்பை கழுவியிருக்கிறார். அதைப் பற்றி 1933இல் வந்த அவருடைய முதற் புத்தகத்தில் எழுதினார். கோப்பை கழுவுகிறவனை ஒரு அடிமை என்கிறார், அவனுடைய வேலையே தேவையற்ற ஆடம்பரத்துக்காகத்தான் இருக்கிறது என்கிறார். முதற் பாதியை ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் பாதியில் எங்களுக்கு உடன்பாடில்லை. மனிதர்கள் நன்றாகச் சாப்பிடுவது ஆடம்பரமல்ல. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒரு கிழவனும் கிழவியும் வந்து, ஒரு போத்தல் வைனைப் பங்கிட்டு, இரண்டு மணித்தியாலம் கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது குசினிப் பக்கம் தலையை நீட்டி 'நன்றி' சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்காக அடுப்படியில் நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சாப்பாடு நல்ல விஷயம்தான். அது ஏன் கதவின் ஒரு பக்கத்துக்கு மட்டும் நல்ல விஷயமாக இருக்கிறது என்பதே எங்கள் பிரச்சினை.

மதிய வேலை முடிந்து மூன்று மணிக்கு வெளியே வருவோம். மாலை ஆறு மணிக்கு மறுபடி உள்ளே. இடையிலுள்ள இந்த மூன்று மணித்தியாலத்துக்கு 'கூப்யூர்' என்று பெயர், 'வெட்டு' என்று அர்த்தம். பொருத்தமான பெயர், நாளை இரண்டாக வெட்டிவிடுகிறது. புறநகரில் வீடு இருப்பவருக்குப் போய்வர நேரம் போதாது. ஆகவே நடக்கிறோம். இந்த நகரம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நடையால்தான். எங்களுக்கென்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினால், அது நட்சத்திரப் புத்தகத்தைப்போல இருக்காது. புதனும் சனியும் பார்பெஸில் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே கூடுகிற சந்தையில், முடிகிற நேரத்துக்குப் போனால் ஒரு பெட்டி தக்காளி கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கும். ஷத்தோ ரூஜில் ஆபிரிக்கர்களின் கடைகளில் மரவள்ளிக் கிழங்கும் வெண்டிக்காயும் இருக்கும், விலை பேசலாம், பேசாவிட்டால்தான் கடைக்காரி எங்களைக் கீழாகப் பார்ப்பாள். பதின்மூன்றாம் வட்டாரத்தில் வியட்நாமியரின் சூப், பெரிய கிண்ணத்தில், மாட்டெலும்பு வெந்த வாசத்தோடு. குளிர்காலத்தில் அதைக் குடித்தால் காதுமடல் சூடாகும். பிறகு மெனில்மொந்தான் பக்கம் அல்ஜீரியக் கபிலியர்கள் நடத்துகிற சில சிறிய பார்கள். வெள்ளி இரவில் அங்கே ஒரு பானம் வாங்கினால் கூஸ்கூஸ் இலவசம். கணக்கில்லை, கேள்வியில்லை. அவர்களும் ஒரு காலத்தில் தனி அறைகளில் வாழ்ந்த ஆண்களாக வந்தவர்கள். தனி ஆள் ஒருவன் கிழமைக்கு ஒருமுறையாவது பலரோடு இருந்து சாப்பிட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் இப்படி ஒரு வழக்கம் ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்க்கலாம். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் 'புதுமை' என்று பொருள். பிறகுதான் அது புதிதாக வந்தவரைக் குறித்தது, அதற்கும் பிறகு அவருக்குப் போடுகிற சாப்பாட்டை. சொல் எங்களிடம் இருக்கிறது, வழக்கம் கபிலியரிடம் இருக்கிறது.

ரெஸ்ரோரண்ட் என்பதும் ஆதியில் ஒரு இடத்தின் பெயரல்ல. ஒரு வடிசாற்றின் பெயர். இளைத்தவரைத் தேற்றுகிற இறைச்சிச்சாறு. 1760களில் பாரிசில் அதை விற்ற கடைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் 1855இல் துவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், லே ஆல் சந்தைத் தொழிலாளர்களுக்கு இறைச்சியும் சாறும் மலிவாகக் கொடுக்கிற ஒரு கடையைத் திறந்தார். அந்தவகைக் கடைகளுக்குப் 'பூயோன்' என்று பெயர், அதற்கும் சாறு என்றே அர்த்தம். ஆக இந்த நகரத்தின் புகழ்பெற்ற சாப்பாட்டுக் கலாசாரத்தின் அடியில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு கஞ்சி. 2010இல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரரின் விருந்துச் சாப்பாட்டு முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதைக் கேட்டபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது அகதிகளாக வந்த புதிதில் நின்ற வரிசைதான். 1985இல் கொலுஷ் என்ற நகைச்சுவை நடிகர் தொடங்கிவைத்த 'ரெஸ்ரோ து கேர்' அமைப்பின் வண்டிக்கு முன்னால் நின்று வாங்கிய பயற்றஞ்சூப். எங்களில் பலருடைய முதலாவது பிரெஞ்சுச் சாப்பாடு அதுதான். அவர்களும் அதை ரெஸ்ரோரண்ட் என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருளுக்கு அவர்களே மிகவும் கிட்ட நிற்கிறார்கள்.

சாறு இருக்கட்டும், பாண் விஷயத்துக்கு வருவோம். 2023இல் பாரிஸ் மாநகரசபை நடத்துகிற சிறந்த பகெத் போட்டியில் இருபதாம் வட்டாரத்தில் பேக்கரி நடத்துகிற தர்ஷன் செல்வராஜா முதலிடம் பெற்றார். இலங்கையில் பிறந்தவர். பரிசு 4000 யூரோ, அத்துடன் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற உரிமை. 1994 முதல் நடக்கிற போட்டி இது. அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் கைத்தொலைபேசிகள் ஓயவில்லை. இதில் நாம் சந்தோஷப்பட்டது எதற்காக? ஜனாதிபதி எங்கள் ஒருவரின் கையால் சாப்பிடுகிறார் என்பதற்காகவா? இந்த நகரத்தில் பெரிய மனிதர்கள் எங்கள் கையால் சாப்பிட்டுப் பல காலம் ஆகிறது. இத்தாலியப் பிற்சாவைப் புங்குடுதீவார் சுடுகிறார், ஜப்பானியச் சோற்றை வல்வெட்டித்துறையார் உருட்டுகிறார். 'அசல்' சாப்பாடு தேடி வருகிற வாடிக்கையாளருக்காக முன்னால் ஒரு முகம், பின்னால் இன்னொரு முகம். அந்தப் பாண் விஷயத்தில் நடந்தது வேறு. சமைத்தவரின் பெயர் குசினிக் கதவைத் தாண்டி வெளியே வந்தது. பெயரை உச்சரிக்கத் தெரியாத வானொலி அறிவிப்பாளர்கள் அதை உச்சரிக்க முயன்றார்கள்.

பகெத் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993இல் அரசாங்கம் ஒரு சட்டவிதி போட்டது: 'மரபு பாண்' என்று விற்பதானால் மாவை உறையவைக்கக் கூடாது, சேர்க்கைகள் போடக் கூடாது. மா, தண்ணீர், உப்பு, நொதி, அவ்வளவுதான் அடிப்படை. அதிகாலையில் வேலை முடிந்து போகிறவரும் வாங்கலாம், அமைச்சரும் வாங்கலாம், விலை ஒன்றரை யூரோவுக்குள். கையால் அமத்தினால் மேல்தோல் முறிகிற சத்தம் கேட்க வேண்டும், உள்ளே பஞ்சு வெள்ளையாக இல்லாமல் பாற்கட்டி நிறத்தில், பெரிய சிறிய ஓட்டைகளோடு இருக்க வேண்டும். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்கிற உறவினருக்கு இனிமேல் இதைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறோம். ஊரில் விறகுப் போறணையில் சுட்ட றோஸ்பாணைச் சம்பலோடு சாப்பிட்டு வளர்ந்த எவருக்கும் இது விளங்கும்.

ஆனால் பாண் என்றவுடன் எங்களில் யாருக்கும் பாண் மட்டும் ஞாபகம் வருவதில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டபோது குடாநாட்டில் சங்கக்கடை வாசலில் நின்ற வரிசைகள் ஞாபகம் வருகின்றன. 2009இல் முள்ளிவாய்க்காலில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிக்கு நின்ற வரிசை ஞாபகம் வருகிறது. அந்த வரிசையில் நின்றவர் எங்கள் ஆறு பேரில் ஒருவர். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மே மாதத்தில் எல்லோரும் கஞ்சி காய்ச்சும்போது அவர் வேலைக்குப் போய்விடுவார். இப்படியான ஞாபகங்களை வைத்துக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முப்பது யூரோ கொடுத்து உட்காருவது சரியா?

அண்ணைக்கு இதில் சந்தேகமே இல்லை. அவர் எல்லாவற்றையும் ரூபாயில் மாற்றுவார். ஒரு யூரோ இருநூற்றுச் சொச்சம் ரூபாயாக இருந்த காலத்திலும் மாற்றினார், 2022இல் அது முந்நூறைத் தாண்டியபோதும் மாற்றினார். 'உந்தக் கோப்பையில இருக்கிறது தங்கச்சின்ர பிள்ளையின்ர ஒரு மாத ரியூசன் காசடா' என்பார். அவுஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1971இல் வங்காள அகதிகள் பட்டினி கிடந்ததைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார், 1972இல் வெளிவந்தது. நமக்கு அதேயளவு முக்கியமான ஒன்றை இழக்காமல் ஒரு கெடுதியைத் தடுக்க முடியுமானால் நாம் தடுக்கவே வேண்டும், அந்தக் கெடுதி பக்கத்தில் நடந்தாலும் தூரத்தில் நடந்தாலும் ஒன்றுதான் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் இதை வாசித்தவர்கள் பரீட்சை எழுதினார்கள். அண்ணை வாசிக்காமலே இருபத்தைந்து வருடமாக அப்படி வாழ்கிறார். அவரோடு விவாதிப்பது இலேசல்ல. அவர் அனுப்பிய காசில் மூன்று வீடுகள் எழும்பியிருக்கின்றன, இரண்டு பேர் படித்து முடித்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் ஒரு துண்டு மீனைப் பற்றிக் கதைக்க வாய் கூசும்.

இருந்தாலும் கதைத்தோம். சிங்கரின் கட்டுரை மேசையில் இருக்கிறவர்களுக்கு எழுதப்பட்டது. போதுமானதற்கு மேலே உள்ளவர்கள் எழும்பிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது, அது சரி. ஒருநாளும் மேசையில் இராத ஒருவரை இன்னும் கொஞ்சம் எழும்பச் சொல்வதற்கு அதில் இடமில்லை. அண்ணையின் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. ஊரிலுள்ளவர்கள் கெட்டவர்களல்ல, ஆனால் தொலைபேசியில் 'சாப்பிட்டியா' என்று கேட்பதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கேட்டாலும் 'ஓம்' என்பார். என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த கேள்வி வராது. இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குப் பயமாக இருப்பது இதுதான். வேண்டுமென்றே விடுவது வேறு. விடுவதற்கு எதுவும் ஞாபகமில்லாமல் போவது வேறு.

யார் எங்கே இருந்து சாப்பிடலாம் என்பது நமக்குப் புதிய கேள்வியும் அல்ல. யாழ்ப்பாணத்தில் 1966, 67களில் தேநீர்க்கடைகளுக்குள் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடினார்கள். அதுவரை அவர்களுக்கு வெளியில், போத்தலில் அல்லது சிரட்டையில். அந்தத் தேநீர் அப்படியொன்றும் ருசியாக இருந்திருக்காது. அடியும் வெட்டும் வாங்கி அவர்கள் கேட்டது ருசியை அல்ல, வாங்கில் இருந்து எல்லோரும் குடிக்கிற குவளையில் குடிப்பதை. 'சாப்பாடு சாப்பாடுதானே, நின்று சாப்பிட்டால் என்ன, இருந்து சாப்பிட்டால் என்ன' என்று லாச்சப்பலில் நின்று தத்துவம் பேசுகிற எம்மவர்கள் இந்த வரலாற்றை ஒருதரம் நினைக்கலாம். இங்கேயும் 2008 ஏப்ரலில், பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் விசா இல்லாமல் வேலை செய்த தொழிலாளர்கள், அதிகம்பேர் மாலி நாட்டவர், வேலைநிறுத்தம் செய்து தாங்கள் வேலை செய்த இடங்களுக்குள்ளேயே குந்தியிருந்தார்கள். ரெஸ்ரோரண்டுகளும் அவற்றில் அடங்கும். கேட்டது காட்டை. ஆனால் குசினியில் நின்றவர்கள் மண்டபத்தில் இருந்த காட்சியை இந்த நகரம் அன்று பார்த்தது.

இன்னும் கிட்ட வந்தால் எங்கள் வீடுகள். ஊரில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியின் அடியில் இருப்பதைக் குசினித் தரையில் இருந்து கடைசியாகச் சாப்பிடுகிறவர் அம்மா. அந்த வீட்டுச் சாப்பாட்டின் ருசியைப் புலம்பெயர்ந்த நாம் எழுதாத பக்கமில்லை. அந்த ருசி அந்த ஒழுங்கின்மேல் கட்டப்பட்டது என்பதை எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இன்று பாரிசில் அந்தக் கடைசி இடத்தில் ஆண்கள் நிற்கிறோம், சம்பளத்துக்கு. வீட்டிலோ, விடிய நாலு மணிக்கு அலுவலகம் துப்பரவாக்கப் போய்வருகிற மனைவியே சமைக்க வேண்டும் என்று, நாள் முழுக்கச் சமைத்துக் களைத்த புருஷன் எதிர்பார்க்கிறான். அவள் எப்போது சாப்பிடுகிறாள்? இதற்கும் ஒரு கட்டுரை வேண்டும், அதை எழுத வேண்டியவர்கள் நாங்களல்ல.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, எல்லோருக்கும் லீவு விழுந்த நாள், ஆறு பேரும் ஒரு பூயோனுக்குப் போனோம். ஃபோபூர் மொன்மார்த்ர் தெருவில், 1896 முதல் இருக்கிற ஷார்த்தியே. வரிசையில் நின்றுதான் போக வேண்டும், வரிசை எங்களுக்குப் பழக்கம். பெரிய மண்டபம், தலைக்கு மேலே பித்தளைத் தட்டுகள், சுவரில் சின்னச் சின்ன இலாச்சிகள். அந்தக் காலத்தில் தினமும் வருகிற தொழிலாளர்கள் தங்கள் கைத்துடைப்புத் துணியை அவற்றில் வைத்துவிட்டுப் போவார்களாம், ஆளுக்கொரு இலக்கம். பரிமாறுகிறவர் கறுப்பு அங்கியும் வெள்ளை ஏப்ரனுமாக ஓடிவந்து, நாங்கள் சொன்னதை மேசையில் விரித்திருந்த கடதாசியிலேயே எழுதினார். முட்டை மயோனேஸ், லீக்ஸ், வேகவைத்த மாட்டிறைச்சி, பன்றி இறைச்சியும் பயறும். விலை நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. ருசியும் நட்சத்திர ருசியல்ல. பயற்றுக்கு இன்னும் கொஞ்சம் கடுகு வேண்டும் என்றார் அண்ணை. முதல் கோப்பைகள் முடிந்ததும் அவருடைய கைகள் தாமாகவே ஆறு கோப்பைகளையும் எடுத்து, மிச்சத்தை மேலே வழித்து, முள்ளுக்கரண்டிகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டன. பரிமாறுகிறவர் வந்து பார்த்தார். 'எங்கே வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டார். அண்ணை வட்டாரத்தைச் சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு, கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு, 'இன்றைக்கு விடுங்கள்' என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சீட்டுப் பிடிக்கிறோம். வீடு வாங்கவும் கலியாணம் செய்யவும் சீட்டுப் பிடிப்பது நம்மவர் வழக்கம், இது சாப்பாட்டுச் சீட்டு. ஆளுக்கு மாதம் இருபத்தைந்து யூரோ. யாருடைய முறையோ அவர் இடத்தைத் தெரிவு செய்வார், எல்லோரும் போவோம். மனைவிமார் இருப்பவர்கள் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று மன்னார்க்காரர் கேட்டு, இந்த வருடத்திலிருந்து சேர்த்தாகிவிட்டது. இரண்டு விதிகள்: மேசையில் யாரும் ரூபாயில் மாற்றக் கூடாது, மாற்றினால் எல்லோருடைய கோப்பிக்கும் அவரே காசு கொடுக்க வேண்டும். எங்களில் எவரும் வேலை செய்கிற இடத்துக்குப் போகக் கூடாது.

இரண்டாவது விதியில்தான் இப்போது சிக்கல். வருகிற மாதம் அண்ணையின் முறை. அவர் இதுவரை நாலு கோப்பிக் காசு கட்டியவர். எங்கே போகலாம் என்று கேட்டால் வழக்கம்போல 'எங்கயெண்டாலும்' என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் யோசித்துவிட்டு, பத்தொன்பது வருடமாகத் தான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்டின் பெயரைச் சொன்னார். முன்கதவால் போக வேண்டுமாம், ஜன்னலோர மேசை வேண்டுமாம். அந்த வெள்ளைச் சோஸ் மீனை முழுதாகச் சாப்பிட வேண்டுமாம். விதியை மாற்றலாம் என்று மூன்று பேர் சொல்கிறோம், இரண்டு பேர் முதலாளியின் முகத்தை நினைத்து வேண்டாம் என்கிறார்கள். அண்ணைக்கு முதலாளியைப் பற்றிக் கவலையில்லை. தான் இல்லாத இரவில் அந்தச் சோஸை யார் செய்வது என்பதுதான் அவருடைய கவலை. பங்களாதேசத்திலிருந்து வந்த பெடியன் ஒருவனுக்கு இரண்டு கிழமையாக அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.